கம்பி வராத நாளுக்கு எங்களுக்கு அபராதம்: கூலி ஒப்பந்தம் எடுப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு சென்டரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கு அச்சும் முட்டும் அமைக்கும்) வேலையையும் கம்பி கட்டும் வேலையையும் கூலி ஒப்பந்தமாக எடுத்துச் செய்தோம். கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்), சென்டரிங் ஷீட், அதைத் தாங்கும் ஜாக்கி எல்லாம் மெயின் கான்ட்ராக்டர் தர வேண்டும். ஆளும் வேலையும் எங்கள் பொறுப்பு. வேலை முடிந்து இறுதி பில் கொடுத்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கழித்து ஒரு டெபிட் நோட்டை (பிடித்தக் குறிப்பை) நீட்டினார்கள். காரணம் என்ற கட்டத்தில் 'ஆள் பற்றாக்குறையால் தாமதம்' என்று இருந்தது. ஒவ்வொரு பில்லிலும் உத்தரவாதமாகப் பிடித்து வைத்திருந்த ரிடென்ஷன் தொகையையும் அதோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள். விவகாரம் வக்கீல் நோட்டீஸில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் பழியை நம் தலையில் கட்ட அவர்கள் எந்த வழியில் போனார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பது அப்பட்டமான பொய். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுவதற்குக் கம்பிதான் இல்லை. மூன்றாம் தளத்து பீமுக்கு வரைபடத்தில் 16 மி.மீ. கம்பி. யார்டில் இருந்தது 12 மி.மீ. மட்டும். "இரண்டு பதினாறுக்குப் பதிலாக மூன்று பன்னிரண்டு போட்டுக் கட்டிவிடுங்கள் அண்ணா, யாருக்குத் தெரியப் போகிறது" என்றார் அவர்களுடைய சைட் இன்ஜினீயர். 16 மி.மீ. கம்பி இரண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 402 சதுர மி.மீ.; 12 மி.மீ. மூன்றுக்கு 339-தான் வரும். அந்த பீமுக்குக் கீழே நாளைக்கு ஒரு குடும்பம் படுத்துத் தூங்கப் போகிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால் கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டோம். தாள் வரவில்லை. கம்பி வரும்வரை காத்திருந்தோம். அந்த நாட்கள் முழுவதும் இப்போது எங்கள் தாமதமாகக் கணக்கில் நிற்கின்றன.

ஜாக்கியிலும் இதே கதைதான். ஒரு தளத்துக்கு மட்டும் போதுமான ஷீட்டும் ஜாக்கியும் இறக்கிவிட்டு, அடுத்த தளத்தை ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை நீளும் ஸ்லாப்புக்கு ஜாக்கி முட்டுகளை 7 நாளாவது விட்டு வைக்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாள். மேலே போடுவதற்காகக் கீழே இருப்பதைப் பிடுங்கு என்று எந்தப் பொறியாளரும் எழுத்தில் தர மாட்டார். வாய்மொழியாக மட்டும் தினமும் சொன்னார்கள்.

எனக்கு உண்மையிலேயே வயிறெரிந்தது அடுத்த விஷயத்தில்தான். 2025 ஏப்ரலில் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் தமிழ்நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். எம்-சாண்டும் ஜல்லியும் இல்லாமல் கான்கிரீட் நின்றுபோனது. அது அவர்களுடைய தவறும் இல்லை, எங்களுடைய தவறும் இல்லை. அந்த வேலைநிறுத்தத்தையே காரணம் காட்டி, கட்டட உரிமையாளரிடம் அவர்கள் கால நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். உரிமையாளர் தரப்பும் நியாயமாக ஒப்புக்கொண்டு, ஒரு ரூபாய் அபராதம் பிடிக்காமல் நீட்டிப்புக் கொடுத்திருக்கிறது. உரிமையாளர் தரப்பு இன்ஜினீயர் அந்தக் கடிதத்தைக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. மேலே 'மணல் கிடைக்கவில்லை' என்று சலுகை வாங்கிய அதே நாட்களுக்கு, கீழே எங்களிடம் 'ஆள் இல்லை' என்று அபராதம் போட்டிருக்கிறார்கள்.

வேலை இல்லாத நாளிலும் வெளிமாநிலத்து ஆட்களுக்குச் சாப்பாடும் செலவுக்குப் பணமும் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். கடன் வாங்கிக் கொடுத்தோம். கையிருப்பு தீர்ந்ததும் சிலரை ஊருக்கு அனுப்பினோம். அவர்கள் ரயிலேறிய பிறகு எடுத்த வருகைப் பதிவை மட்டும் நகலெடுத்து டெபிட் நோட்டோடு இணைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களின் பதிவு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

வக்கீலிடம் போன பிறகு தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. கட்டட வேலையை ஒருவர் செய்ய வேண்டும், அதற்கான சாரமும் மரமும் மற்றவர் தர வேண்டும் என்று ஒப்பந்தம். மற்றவர் தர மறுத்து வேலை நடக்க முடியாமல் போனால், முதலாமவர் வேலையைச் செய்ய வேண்டியதில்லை. அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் மற்றவரே ஈடு செய்ய வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே நம் நிலைமையைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! நாளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் அபராதம் போட்டிருந்தாலும், 74-ஆவது பிரிவின்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும்.

ஆனால் சட்டம் கேட்பது தேதி. எங்களைத் தாங்கிப் பிடித்திருப்பவை லாரியின் எடைச் சீட்டுகள். வண்டி எண், எடை, தேதி, நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இறக்கும்போதே எங்கள் மேஸ்திரி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருந்தார். 16 மி.மீ. கம்பி எந்தத் தேதியில் கேட்டுக்குள் வந்தது என்பதை இனி யாரும் மாற்ற முடியாது. நீங்களும் பொருள் கேட்டால் போனில் கேட்காதீர்கள். இண்டெண்ட் (பொருள் கேட்புச் சீட்டு) எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள், உரிமையாளர் தரப்பு இன்ஜினீயருக்கும் ஒரு நகல் போகட்டும். பொதுப்பணித் துறை வேலைகளில் இருப்பதுபோல, வேலை எந்த நாளில் எதனால் நின்றது என்று எழுதும் தடைப் பதிவேடு ஒன்று சைட்டில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். சும்மா இருக்கும் நாளுக்கு ஆளுக்கு எவ்வளவு என்பதும் அதில் வர வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள், உரிய சான்றிதழோடு அவை நீதிமன்றத்தில் செல்லும்.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம். ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை, எனவே வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள்.

எங்கள் நோட்டீஸுக்குப் பதில் வந்தது. எடைச் சீட்டைப் பற்றியும் கால நீட்டிப்புக் கடிதத்தைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. பிறகு போனில் சமாதானம் பேசினார்கள். ரிடென்ஷனை மட்டும் உடனே தருகிறார்களாம். 'பாக்கி எதுவும் இல்லை, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். மறுத்துவிட்டோம். பணமுடையில் இருக்கும்போது இப்படி ஒரு தாள் உங்களிடமும் வரும். மீதிப் பணம் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.