அணுகுண்டுச் சோதனைப் படங்கள், லிவர்மோர் ஆய்வகத்தின் யூடியூப் தொகுப்பு: பாருங்கள், ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள்

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் தன் பழைய அணுகுண்டுச் சோதனைப் படங்களை 2017 முதல் யூடியூபில் ஏற்றியிருக்கிறது, இலவசம்தான். 1945 முதல் 1962 வரை வளிமண்டலத்தில் நடந்த 210 சோதனைகளைச் சுமார் 10,000 சுருள்களில் பிடித்து வைத்திருந்தார்கள். டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாடை அடிக்கும் அளவுக்கு அவை மக்கத் தொடங்கிவிட்டன. கிரெக் ஸ்ப்ரிக்ஸ் என்ற இயற்பியலாளரும் அவர் குழுவும் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்திருக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும், அந்த உழைப்புக்கு முழு மதிப்பெண்.

ஆனால் சோதனைகளால் மக்களுக்கு நேர்ந்த பாதிப்புக்கு ஆதாரம் தேடி வருபவர்களுக்கு இது போதாது. இவை வெடிப்பின் பலத்தை அளக்க எடுத்தவை. நெருப்புக்கோளம் விரியும், மேகம் எழும், படம் முடிந்துவிடும், பெரும்பாலானவற்றில் சத்தம்கூட இல்லை. 'ஆபரேஷன் ஹார்ட்டாக்-1, நட்மெக் 51538' என்று ஒரு தலைப்பு. அது 1958இல் பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் வெடித்தது என்பதையும், அந்தத் தீவின் 167 பேரை 1946லேயே வெளியேற்றிவிட்டார்கள் என்பதையும் நாமேதான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமரா ஓய்ந்த பிறகுதானே பாதிப்பே தொடங்குகிறது. 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்தின் பலம்) அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள், வெடித்தது 15. சில மணி நேரத்தில், பிகினிக்குக் கிழக்கே மக்கள் வாழ்ந்த ரோங்கெலாப் தீவில் கதிர்வீச்சு கலந்த வெள்ளைச் சாம்பல் கொட்டியது, பிள்ளைகள் அதில் விளையாடினார்கள், அங்கிருந்தவர்களை அழைத்துப்போகவே இரண்டு நாள் ஆனது. 1957இல் பயமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், 1985இல் கதிர்வீச்சுக்குப் பயந்து அந்த மக்களே ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இதில் எந்த நொடியை அந்த அதிவேகக் கேமரா பிடித்திருக்க முடியும்?

அதனால் இந்தத் தொகுப்போடு வேறு இரண்டு வகைப் படங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, ரோங்கெலாப் மக்களை அமெரிக்க மருத்துவக் குழுக்கள் பரிசோதித்தபோது எடுத்தவை. இன்னொன்று, கடற்படை அதிகாரி பென் வயாட் பிகினி மக்களிடம் சோதனைக்காகத் தீவைக் கேட்கும் 1946ஆம் ஆண்டுக் காட்சி. பேச்சு முன்பே முடிந்திருந்தது, கேமராவுக்காக அதே மக்களை உட்காரவைத்து மறுபடி மறுபடி எடுத்தார்கள். சம்மதம் வாங்கிவிட்டோம் என்று காட்ட எடுத்த காட்சி, அது எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதற்கே சாட்சியாக நிற்கிறது. என்னைக் கேட்டால் எந்த நெருப்புக்கோளத்தையும்விட அதுதான் கனமான ஆதாரம்.

ஆய்வகத்திடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், அன்றைய காற்றின் திசை, பக்கத்தில் மக்கள் வாழ்ந்த தீவுகள் ஆகியவற்றையும் போடுங்கள். அப்புறம், வகுப்பில் காட்ட நினைக்கும் ஆசிரியர்கள் இசை சேர்த்துப் பரவும் நகல்களை விட்டுவிட்டு ஆய்வகத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள்.