ஏற்காட்டுக் காப்பியும் மூன்று கோட்பாடுகளும்

சேலத்தில் அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் நாடுகளுக்கிடையிலான உறவை விளக்கும் யதார்த்தவாதம், நிறுவனவாதம், சார்புக் கோட்பாடு மூன்றையும் ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு கோட்பாடு நடந்த ஒன்றை விளக்க வேண்டும். விளக்காவிட்டால் அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மூன்றையும் உரசிப் பார்க்கும் கல் நம் ஊருக்கு மேலேயே இருக்கிறது: சேர்வராயன் மலைக் காப்பி.

எடுத்துக்கொள்ளும் நிகழ்வு 1989 ஜூலையில் நடந்தது. 1962-ல் உருவான சர்வதேச காப்பி ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வகுத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. இடையில் சில ஆண்டுகள் ஒதுக்கீடு நிறுத்திவைக்கப்பட்டதும் உண்டு. 1989 ஜூலையில் பேச்சு முறிந்து, அது அடியோடு கைவிடப்பட்டது. சில மாதங்களில் உலக விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. ஏன்?

யதார்த்தவாதி சொல்லும் பதில் சுருக்கமானது. உலகுக்கு மேலே ஓர் அரசு கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பையே பார்க்கும். 1959-ல் கியூபாவில் புரட்சி வென்றதும், லத்தீன் அமெரிக்காவின் மற்ற நாடுகளும் கம்யூனிசத்தின் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் வாஷிங்டனைப் பிடித்தது. காப்பி விலை சரியாமல் நின்றால் அங்குள்ள ஆட்சிகளும் கவிழாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டது. அதனால்தான் உலகின் மிகப் பெரிய காப்பி வாடிக்கையாளரான அமெரிக்கா, அதிக விலை கொடுக்கத் தானே சம்மதித்தது. பனிப்போர் தணிந்தது, அக்கறையும் போனது.

ஒப்பந்தத்தின் பிறப்புக்கு இந்த விளக்கம் பிரமாதம். இறப்புக்கு அவ்வளவு பொருந்தவில்லை. பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பரில். ஒதுக்கீடு அதற்கு நான்கு மாதம் முன்பே விழுந்துவிட்டது. பேச்சு மேசையில் நடந்த சண்டையும் சோவியத்தைப் பற்றியது அன்று, ஏற்றுமதி ஒதுக்கீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியது. அருந்துவோரின் நாக்கு மென்மையான அராபிகா வகைக் காப்பியின் பக்கம் திரும்பியிருந்தது. மத்திய அமெரிக்க நாடுகள் கூடுதல் பங்கு கேட்டன. பிரேசில் தன் பங்கில் குறைக்க மறுத்தது.

இந்த இடத்தில் நிறுவனவாதம் கைகொடுக்கிறது. வல்லரசின் ஆர்வம் குறைந்த பிறகும் விதிகள் ஒத்துழைப்பைக் காக்கும் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் கோஹேன் 1984-ல் வாதிட்டார். காப்பி ஒப்பந்தத்தில் ஏற்றுமதி நாடுகளுக்கு 1,000 வாக்கு, இறக்குமதி நாடுகளுக்கு 1,000 வாக்கு. முக்கிய முடிவுக்கு இரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். விதியில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கு விற்பதற்கு ஒதுக்கீடு இல்லாததால், அங்கே காப்பி மலிவாகப் போனது. உறுப்பு நாடுகளில் விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். நம் காப்பியும் அந்த வழியில் போனதுதான். ஒப்பந்தத்தில் சேராத சோவியத் யூனியன், டாலருக்குப் பதில் ரூபாயில் கணக்குத் தீர்க்கும் வணிகத்தில் நம்மிடம் பெருமளவு வாங்கியது. பங்கையும் திருத்த முடியவில்லை, ஓட்டையையும் அடைக்க முடியவில்லை, ஒப்பந்தம் முறிந்தது. மூன்றில் இந்த விளக்கமே எனக்கு மிக நெருக்கமானது.

விலை சரிந்தபோது பணம் யார் கைக்குப் போனது என்ற கேள்வியை இந்த இரண்டும் கேட்பதில்லை; சார்புக் கோட்பாடு கேட்கிறது. மூலப்பொருள் விற்கும் நாடு காலப்போக்கில் நட்டப்படும் என்று பொருளாதார அறிஞர்கள் ரவுல் ப்ரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் 1950-லேயே எழுதினார்கள். 1990களின் தொடக்கத்தில் உலகக் காப்பிச் சில்லறை விற்பனை 3,000 கோடி டாலர். விளைவித்த நாடுகளுக்குக் கிடைத்தது 1,000 முதல் 1,200 கோடி. பத்தாண்டு கழித்துச் சில்லறை விற்பனை 7,000 கோடியைத் தொட்டது. விளைவித்தவர்கள் பங்கு 550 கோடியாகச் சுருங்கியது. ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் சர்வதேச காப்பி அமைப்பே வெளியிட்ட கணக்கு இது. படிக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனாலும் சார்புக் கோட்பாட்டை முழுதாக ஏற்க முடியவில்லை. விலையை இன்னும் கீழே தள்ளியதில் பெரும் பங்கு வியட்நாமுக்கு உண்டு. ஏழை நாடு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தியாளர் ஆனது. மூலப்பொருள் விற்கும் ஏழை நாடுகள் (கோட்பாட்டின் மொழியில் விளிம்பு நாடுகள்) எல்லாம் ஒரே அணி என்ற எண்ணம் இங்கே உடைகிறது. உள்நாட்டிலும் அப்படித்தான். மத்திய அரசின் காப்பி வாரியம் நடத்திய பொதுத் தொகுப்பில் விளைச்சலைக் கட்டாயமாக ஒப்படைத்துவிட்டு, களத்தில் காய்ந்த கொட்டைக்கான பணத்துக்குத் தவணை தவணையாகக் காத்திருந்தார்கள் நம் தோட்டக்காரர்கள். 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் அந்தக் கட்டாயம் முழுவதும் நீங்கியபோது அவர்கள் மகிழ்ந்தது, சந்தையிடம் ஏமாந்ததால் அன்று.

எண்ணங்களே நாடுகளின் போக்கை வடிவமைக்கின்றன என்னும் கட்டுமானவாதத்தை ஒரு வரியில் கடக்கிறேன்: நல்ல காப்பி, நியாய வணிகம் என்ற எண்ணங்கள் எப்படிப் பிறந்தன என்பதற்கு அது உதவும், 1989-க்கு உதவாது.

மலைக்குக் கீழே, எவர்சில்வர் தகடு செய்யும் சேலம் இரும்பாலைக்கு வந்தால் தீர்ப்பு மாறுகிறது. 2018-ல் தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி அமெரிக்கா எஃகு இறக்குமதிக்கு 25 சதவீத வரி போட்டது; எவர்சில்வர் தகடும் அதில் அடங்கும். 2022 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு அது விதிமீறல் என்றது; அமெரிக்கா ஏற்கவில்லை. மேல்முறையீட்டு மன்றமோ உறுப்பினர் நியமனம் தடுக்கப்பட்டு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. எஃகுக்கு யதார்த்தவாதமே போதும்.

காப்பிக்கு நான் நிறுவனவாதத்தை முதலில் வைப்பதற்கு இன்றைய காரணம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்தின்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி அங்கே நுழைய முடியாது. விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் வேண்டும். அமலாகும் நாள் தள்ளிப்போனாலும் சட்டம் நிற்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி, நிழலில் அராபிகா வளர்க்கும் சிறு விவசாயி காட்டை அழிக்கவில்லை. அதை நிரூபிக்கும் சுமை மட்டும் அவர் தலையில் வந்து சேரும். சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். 1962 ஒப்பந்தத்தில் ஏற்றுமதி நாடுகளின் 1,000 வாக்கில் இந்தியாவுக்கும் பங்கு இருந்தது. இந்தச் சட்டம் இயற்றப்பட்ட அவையில் இந்தியாவுக்கு ஒரு வாக்குகூடக் கிடையாது.