கண்டியில் ஒரு காலை நடை: கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும் 1760ஆம் ஆண்டுச் சதியும்

கண்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் புத்தரின் புனித தந்தம் (பல்) வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகையில் பூ வைத்து வணங்கி, வாவியோரம் சற்று நடந்து, பிறகு பேராதனைப் பூங்காவுக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அந்த மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் அரசனைக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்பதும், திட்டமிட்டவர்களோடு அதே அரசன் சங்கராஜராக, அதாவது பிக்குகளின் தலைவராக, உயர்த்திய பெருந்தேரரின் பெயரும் சேர்ந்திருந்தது என்பதும் அவர்களில் பலர் அறியாதவை. அந்த ஒரு நிகழ்ச்சியையே மையமாக வைத்து, தமிழில், நடந்தபடியே கதை சொல்லும் வழிகாட்டிச் சேவை ஒன்று இருப்பதை நண்பர் சொல்லி அறிந்தேன். மூன்றரை மணி நேரம். ஆளுக்கு 4,500 ரூபாய். தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றும் இதில் அடங்கும். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை நானும் போய் வந்தேன்.

வாட்ஸ்அப்பில் முன்பதிவு செய்வதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. முழங்காலை மறைக்கும் வெளிர்நிற உடை வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே நினைவூட்டினார்கள். ஆனால் மாளிகைக்குள் செல்ல வெளிநாட்டவர் தனியாக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் ஒன்பது பேரில் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் வாசலில் நின்று தெரிந்துகொண்டு, கொஞ்சம் முகம் சுளித்தார்கள். சொல்லியிருந்தால் அந்தச் சுளிப்பே இருந்திராது.

நடை தொடங்குவது நாத தேவாலயத்தில். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கற்கட்டடம் நகரில் எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையது. கண்டி மன்னர்கள் பட்டப்பெயர் சூடும் சடங்கோடு தொடர்புடைய இடம் என்பதால் அரசுரிமையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. முப்பது வயதுக்குள் இருக்கும் வழிகாட்டித் தம்பி அரசமரத்தடியில் எங்களை நிறுத்திக்கொண்டு, 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசு இல்லாமல் இறந்ததையும், மதுரையிலிருந்து வந்த அவனுடைய அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறியதையும், அவனும் பிள்ளையின்றி இறக்கவே 1747இல் அவன் மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் பட்டத்துக்கு வந்ததையும் குழப்பமே இல்லாமல் விளக்கினார். மைத்துனன் வழி உரிமை என்பது கேட்பவரைத் தடுமாற வைக்கும் விடயம். அவர் ஒரு குச்சியால் மணலில் கோடு இழுத்துக் காட்டிய விதத்தில், என் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடச் சிறுமிகூட ஒரே தடவையில் புரிந்துகொண்டாள்.

அந்த இடத்திலேயே அவர் "நம் தமிழ் மன்னன்" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு முதல் நெருடல் அங்கேதான். இந்த மன்னர்கள் மதுரை நாயக்கர் வழியினர்; குலத்தால் தெலுங்கர்; தமிழ் வழங்கிய ஊரிலிருந்து வந்தவர்கள்; வந்த பிறகு சிங்களத்தையும் பௌத்தத்தையும் அரசின் மொழியாகவும் சமயமாகவும் ஏற்றவர்கள். "தமிழ் மன்னன்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்காது. தம்பியிடம் மெல்லச் சொன்னேன். "கேக்கிற ஆக்களுக்கு விளங்கட்டும் எண்டு சொல்லுறது, அண்ணை" என்று சிரித்தார். விளங்க வேண்டும் என்பதற்காகச் சுருக்கியதே பின்னால் விளங்காமற் போவதற்குக் காரணமானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

சமயப் பின்னணியை அவர் சொன்ன விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் உபசம்பதா என்ற முழுத் துறவு நிலை பெற்ற பிக்குகளே இல்லாமற் போயிருந்தனர். அந்த நிலையை வழங்கவும் ஏற்கெனவே அதைப் பெற்ற பிக்குகள் வேண்டும் என்பது விதி. விளக்கு அணைந்துவிட்ட வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தீ எடுத்து வர வேண்டியிருந்தது என்று தம்பி சொன்னார். அந்தப் பக்கத்து வீடு சீயம், இன்றைய தாய்லாந்து. வெலிவிட்ட சரணங்கர தேரரின் நெடுநாள் முயற்சிக்கு மன்னன் துணைநின்றான். முந்திய தூதுகள் பலிக்காமற் போன பிறகு, ஒல்லாந்தர் கப்பலில் சென்ற தூதுக்குழு அயோத்தியா நகரிலிருந்து உபாலி தேரரையும் உடன் துறவிகளையும் அழைத்துவந்தது. 1753இல் கண்டியின் மல்வத்தை விகாரையில் உபசம்பதா மீண்டும் வழங்கப்பட்டது. இன்றைய சீயம் நிகாயம் என்ற பிக்குப் பிரிவின் தொடக்கம் அதுவே. சரணங்கரர் சங்கராஜர் ஆனார். தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரஹராவில் புனித தந்தம் முன்னே செல்லும் வழக்கமும் இந்த மன்னன் காலத்தில்தான் ஏற்பட்டது. பௌத்தத்துக்கு இவ்வளவு செய்தவனைப் பௌத்தத்தின் பெயரால் ஏன் நீக்க நினைத்தார்கள் என்ற கேள்வியை எங்கள் முன் வைத்துவிட்டு, விடை சொல்லாமலேயே மாளிகைக்குள் அழைத்துப் போனார். கதை சொல்லத் தெரிந்தவர்.

மாளிகைக்குள் நடந்ததை இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாகச் சொல்வேன். ஒன்பதரை மணிப் பூசை நேரம் என்பது எவருக்கும் தெரியும்; எங்களை அவர் சரியாக ஒன்பது இருபத்தைந்துக்குக் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பறையும் குழலும் ஒலிக்கத் தொடங்கியதும் அவருடைய வாய் அசைவது மட்டுமே தெரிந்தது. நெரிசல் எங்களை மூன்று குழுக்களாகப் பிரித்தது. பூசை அழகானதுதான், நானும் கைகூப்பித்தான் நின்றேன். ஆனால் சதியில் யார் யார் சேர்ந்தார்கள் என்ற முக்கியப் பகுதியை அந்த முழக்கத்துக்கு நடுவே சொல்லி முடித்துவிட்டு, வெளியே வந்து திரும்பச் சொல்லாமல் நகர்ந்தது சரியில்லை. காதில் மாட்டும் ஒலிக்கருவி கொடுத்திருக்கலாம், அல்லது அரை மணி நேரம் பிந்தி நுழைந்திருக்கலாம்.

வெளியே வரும்போது எண்கோணப் பட்டிரிப்புவவைக் காட்டி, கீர்த்தி ஸ்ரீ அங்கே நின்று குடிகளுக்குக் காட்சி கொடுத்தான் என்றார். அது பிழை. அந்த மண்டபத்தைக் கட்டியவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். கீர்த்தி ஸ்ரீ இறந்து இருபது ஆண்டு கழிந்த பின்புதான் அது எழுந்தது. மேலும், 1765இல் ஒல்லாந்தர் படை ஆளுநர் வான் எக்கின் தலைமையில் நகருக்குள் புகுந்து சூறையாடியது. ஆகவே 1760இன் கண்டி என்று கையைக் காட்டுவதற்கு இன்று அங்கே எஞ்சியிருப்பது கொஞ்சமே. தெரிந்த ஒரு கட்டடத்தோடு தெரியாத ஒரு காலத்தை ஒட்டவைக்கும் பழக்கம் நம் வழிகாட்டிகள் எல்லோரிடமும் உண்டு, இவரும் விலக்கில்லை.

ஆயினும் அதன் பிறகு வந்த முக்கால் மணி நேரத்துக்காகவே இந்த நடைக்குக் கொடுத்த பணம் தகும். வாவிக்கரை மதிலோரம் எங்களை நிறுத்தி, "இந்தத் தண்ணிய மறந்திடுங்கோ" என்றார். வாவி 1807க்குப் பிறகு தோண்டப்பட்டது. சதி நடந்த நாளில் அரண்மனைக்கும் மல்வத்தை விகாரைக்கும் நடுவில் இருந்தவை வயல்கள். மன்னன் பிரித் என்ற காப்பு ஓதலைக் கேட்கவோ பணை என்ற சமய உரையைக் கேட்கவோ போவதென்றால், அரண்மனையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், வயல்களைக் கடந்து போக வேண்டும். இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நடந்தார். எதிர்க்கரையை அடையும் வரை நாங்களும் பேசவில்லை; எல்லோர் மனத்திலும் அந்த வயல்வெளிதான் இருந்திருக்க வேண்டும்.

விகாரைக்கு வெளியே, வீதியோரத்து வடிகான் ஒன்றின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, தன் முதுகுப் பையிலிருந்து ஒரு மடிப்புக் கதிரையை எடுத்துத் துணியின் மேல் வெகு கவனமாக நிறுத்தினார். "ஐயா, இருங்கோ" என்று தமிழ்நாட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். கான் ஒரு முழ ஆழம்கூட இராது. விழுந்தாலும் செருப்புத்தான் நனையும். எனினும் அவர் இரண்டடி பின்னால் போனார். சதியின் உருவம் அதுதான்: பணை கேட்க விகாரைக்கு வரும் மன்னனுக்கு ஆசனம் இட்டு, ஆசனத்தின் கீழே கூர்முனைகள் நட்ட குழியை மறைத்து வைப்பது. வெள்ளைத் துணி மரியாதையின் அடையாளம். மன்னனையோ பிக்குவையோ வெள்ளை விரிக்காத ஆசனத்தில் அமர்த்துவதில்லை. அந்த மரியாதையே பொறியாக வைக்கப்பட்டது என்பதை நூறு பக்கம் படித்தாலும் இப்படி உணர்ந்திருக்க மாட்டேன்.

சதியில் முன்னின்றவர் சமனக்கொடி அதிகார் (அதிகார் என்பது முதன்மை அமைச்சர் பதவி). அவரோடு வேறு சில பிரதானிகளும், சங்கராஜர் உள்ளிட்ட மல்வத்தைப் பிக்குகளும் சேர்ந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. செய்தியை மன்னனுக்கு எட்டச் செய்தவர்களில் கோபால முதலியார் என்ற முஸ்லிம் பிரதானி ஒருவர். அவருடைய குடும்பம் அரண்மனை வைத்தியத்தோடு தொடர்புடையது. விளைவு விரைவாக வந்தது: சமனக்கொடி கொல்லப்பட்டார், சங்கராஜர் தலைநகருக்கு வெளியே காவலில் வைக்கப்பட்டார். இத்தனையும் தம்பி சரியாகவே சொன்னார். காரணத்துக்கு வந்தபோதுதான் சறுக்கினார்: "சிங்களப் பிக்குமாருக்குத் தமிழன் அரசனா இருக்கிறது பிடிக்கேல்லை" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இதை ஏற்க முடியவில்லை. கீர்த்தி ஸ்ரீயை நீக்கிவிட்டு அரியணையில் யாரை அமர்த்த நினைத்தார்கள்? சீயத்து அரச குடும்பத்தைச் சேர்ந்த தெப்பிபித் என்ற இளவரசனை. அவனும் கடல் கடந்து வந்தவன்தான். போதாததற்குத் தன் சொந்த நாட்டிலேயே அரியணைச் சூழ்ச்சியில் சிக்கி நாடுகடத்தப்பட்டவன். அந்நியன் என்பது மட்டுமே குற்றமாக இருந்திருந்தால், ஓர் அந்நியனை இறக்கிவிட்டு இன்னோர் அந்நியனை ஏற்றுவதில் பொருளில்லை. மன்னன் பௌத்தத்துக்குக் கொடையளித்தபடியே நெற்றியில் திருநீறும் பூசினான் என்பதும், அதைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது அவனுக்கு உவப்பாக இருக்கவில்லை என்பதும் அக்காலத்துச் சிங்கள ஏடொன்றில் பதிவாகியிருக்கின்றன. பிறப்பால் பௌத்தனான ஓர் அரசன் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். மன்னனின் தந்தை நரேனப்பரும் நாயக்க உறவினரும் அரசவையில் பெற்றிருந்த செல்வாக்கைப் பிரதானிகள் பொறுக்கவில்லை என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். சமயத் தலைவர்களின் மனக்குறையும் பிரதானிகளின் பதவிப் போட்டியும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்ததால்தான் அந்தக் குழி வெட்டப்பட்டது. மன்னனைக் காப்பாற்றியவர்களிலும் சிங்களப் பிரதானிகள் இருந்தார்கள். பின்னாளில் வந்த பகையை எடுத்து அந்த நாளின் மேல் பூசினால், கேட்பவருக்கு எளிதாக இருக்கும். நடந்தது மட்டும் மறைந்துபோகும்.

அடுத்து நடந்ததற்கு அவர் ஒதுக்கியது பத்தே நிமிடம். எனக்கோ இந்தக் கதையில் அதுவே மிகவும் வியப்பூட்டும் பகுதி. மன்னன் சில காலத்துக்குப் பிறகு சரணங்கரரை மன்னித்து மீண்டும் பழைய நிலையில் வைத்தான். தேரர் 1778 வரை வாழ்ந்தார். அவருக்குப் பிறகு சங்கராஜர் பட்டம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. தன்னைக் கொல்லப் பார்த்த விகாரையோடு பகை கொண்டாடாமல், மன்னன் கங்காராமய, தெகல்தொருவ விகாரைகள் எனத் திருப்பணிகளைத் தொடர்ந்தான். தம்புள்ளைக் குகையில் இன்றும் அவனுடைய சிலை நிற்கிறது. சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூலின் அக்காலப் பகுதி அவனைப் பெரும் புரவலனாகப் போற்றுகிறது. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் இழந்த பின்னும், 1782 வரை அவனே அரசன். இவற்றில் பாதி துண்டுப் பிரசுரத்தில் ஆண்டுகளாக மட்டும் இருக்கிறது. 1760க்கு நேரே "கலகம்" என்ற ஒரு சொல். அச்சுப் பிழைகளும் உண்டு. உபாலி தேரரின் பெயரையே இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள்.

நாயக்க உறவினர்கள் குடியிருந்த பகுதியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் மலபார் வீதி, மாளிகையிலிருந்து சிறிது தூரந்தான். நடையில் அது இல்லை. இஞ்சித் தேநீருக்கு இருபது நிமிடம் இருந்தது, அதற்கு இல்லை. சதிக்கு ஒரு பக்கக் காரணமாக இருந்தவர்கள் வாழ்ந்த தெருவை விட்டுவிட்டு, விகாரையை மட்டும் காட்டினால் கதை ஒற்றைக்காலில்தான் நிற்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அதில் ஒன்றரை அந்த மடிப்புக் கதிரைக்கு. போகிறவர்கள் காலை ஏழு மணித் தொடக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பூசைக்கு முன்னரே மாளிகையை முடித்துவிடலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நுழைவுச்சீட்டுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு வாவியைச் சுற்றும் பகுதி கடினமில்லை. மாளிகைப் படிகளில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மலபார் வீதியைப் பற்றிக் கடைசியில் நான் கேட்டபோது, முன்கூட்டியே சொன்னால் அரை மணி நேரம் கூட்டித் தருவதாகவும் அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை என்றும் தம்பி சொன்னார். பதிவு செய்யும் செய்தியிலேயே அதை எழுதி அனுப்பிவிடுங்கள்.