சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும்? இசைத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்வோருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் வெகுசன இசையும் இசைத் தொழில்நுட்பமும் கற்பிப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளையும் 6,40,000 ரூபாயையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இதே வாசகங்களோடு இன்னும் பல இடங்களில் சேர்க்கை நடப்பதால், பெயரைவிட நடந்த விதம்தான் உங்களுக்குப் பயன்படும்.

2022 ஜூனில் நான் சேர்ந்தபோது கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் சின்னம் இருந்தது. இரண்டு ஆண்டுகள் இங்கே, மூன்றாம் ஆண்டு அங்கே, முடிவில் இளங்கலைப் பட்டம் என்று சேர்க்கை ஆலோசகர் என் தந்தையிடம் வாயால் சொன்னார். நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் இருந்ததோ, 'உரிய தகுதிகளை நிறைவு செய்யும் மாணவர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்' என்ற ஒரே வரிதான். விண்ணப்பிக்க யாருக்குத்தான் உரிமை இல்லை? அந்த வரியை அன்று நான் படித்தேன். படித்தும் அதில் வாக்குறுதி ஏதும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

உண்மையில் முதல் எச்சரிக்கை எங்கள் ஊர் வங்கியிலேயே கிடைத்தது. கல்விக் கடன் கேட்டுப் போனபோது மேலாளர், "தம்பி, இந்தப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் உண்டு என்று ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், பிறகு பேசலாம்" என்றார். (யுஜிசி என்பது பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்தும் பல்கலைக்கழக மானியக் குழு.) ஆலோசகரிடம் கேட்டோம். "கலைப் படிப்பெல்லாம் வங்கிக்காரர்களுக்குப் புரியாது, சார்" என்று சிரித்தார். அம்மாவின் நகைகளும் ஆச்சியின் சங்கிலியும் கூட்டுறவு வங்கிக்கு அடகு போயின. வங்கி ஒரு படிப்புக்குக் கடன் தர மறுத்தால் அது கஞ்சத்தனம் அல்ல, நமக்காக இலவசமாகச் செய்யப்பட்ட ஒரு விசாரணை என்று இப்போது நினைக்கிறேன்.

வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேர்க்கைக்கு வரும் பெற்றோர்களுக்குக் கண்ணாடி வழியே காட்டப்படும், பல ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் பெரிய மிக்ஸிங் கன்சோல் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளில் அதன் முன் நான் அமர்ந்தது, பதினான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவனாக, மொத்தம் ஒன்பது மணி நேரம். மற்ற நாள்களெல்லாம் கணினி அறையில் கழிந்தன. அங்கே இரண்டு கணினிகளில் மட்டுமே உரிமம் பெற்ற மென்பொருள் இருந்தது. மற்றவற்றில் இருந்த திருட்டுப் பிரதிகள் ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் திறக்க மறுத்தன.

'பயிற்சி ஸ்டுடியோ' என்று பெயர் எழுதிய அறை பத்தடிக்குப் பத்தடி; சுவரில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். அத்தகைய ஸ்பாஞ்சு உயர் ஒலிகளை உறிஞ்சுமே தவிர அடி ஒலிகளை ஒன்றும் செய்யாது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் ஒலி அலை, உருவாகும். அறையின் நடுவில், அதாவது எங்கள் நாற்காலி போடப்பட்டிருந்த அதே இடத்தில், அந்த ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசான கிக் டிரம்மின் அடித்தொனி இருக்கும் பகுதி அது. காதுக்குக் கேட்கவில்லையே என்று நாங்கள் பேஸை, அதாவது அடி ஒலிகளை, ஏற்றிக்கொண்டே போவோம். வெளியே காரில் போட்டால் பாட்டே குமுறும். பல மாதங்கள் என் காதைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எங்களுக்கு விளக்கிய ஒரே ஆசிரியர், இரவில் பாடல் பதிவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் ஓர் ஒலிப்பதிவாளர். சம்பளம் வராததால் அவர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டார்.

இங்கிலாந்தில் சரே பல்கலைக்கழகம் 1970 முதல் நடத்திவரும் டான்மைஸ்டர் என்ற ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பைப் பற்றிப் பின்னர் படித்தேன். (என்னை ஏமாற்றிய நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) இசையோடு கணிதத்தையும் இயற்பியலையும் எதிர்பார்க்கும் படிப்பு அது. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தேனா என்றுகூட எவரும் கேட்கவில்லை. காசோலை எந்த வங்கியுடையது என்று மட்டும் கேட்டார்கள்.

2023 டிசம்பரில், தன் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்து வழங்கப்படும் பட்டங்கள் செல்லாது என யுஜிசி எச்சரித்த செய்தியைப் படித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் எழுந்தது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கே நாள்களில் பதில் வந்தது: அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் நான் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் ஓர் ஆனர்ஸ் பட்டம் என்பது ஆண்டுக்கு 120 வீதம் 360 மதிப்பலகுகள் (கிரெடிட்) கொண்டது. நேராக மூன்றாம் ஆண்டில் சேர முதல் 240 அலகுகளுக்கு நிகரான, அங்கு ஏற்கப்படும் தகுதி வேண்டும். என் கையில் இருந்ததோ நிறுவனம் தானே அச்சிட்ட டிப்ளமோ. அதற்கு அலகு ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலும் 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். ஒரு மாணவருக்குத் தனியாக எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ ஒதுக்கப்படும் என்று கேளுங்கள், அதைச் சேர்க்கை அலுவலகத்தில் அல்ல, கடைசி ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். தரமணியில் உள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருப்பதைக்கூட அறியாமல்தான் நான் அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்து மயங்கினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தாங்கள் ஒரு தனியார் பயிற்சி மையம் மட்டுமே என்றும், கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிய யுஜிசி விதிகள் தங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் நிறுவனம் கடிதம் எழுதியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்தேன். ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான தொகைக்குப் புகார்க் கட்டணம் 200 ரூபாய்தான், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தாக வேண்டும். அங்கே அவர்களுடைய வழக்கறிஞர், தம் கட்சிக்காரர் ஒரு கல்வி நிறுவனம் என்றும், கல்வி நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவை அல்ல என்றும் வாதிட்டார். எழுந்து, 'பயிற்சி மையம் மட்டுமே' என்று அவர்களே கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தின் நகலை ஆணையத்தின் முன் வைத்தேன். அதற்குப் பதில் சொல்ல அவர்கள் அவகாசம் கேட்டிருக்கிறார்கள்.