ஆற்றோரமா, கம்பமா, தாமான் வீடா: ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே தங்க வைப்பது

தமிழ்நாட்டிலிருந்து எங்கள் பக்கம் வர டிக்கெட் போட்ட சொந்தக்காரர்கள் வாட்சாப்பில் முதலில் அனுப்புவது ஒரு போட்டோ. ஆற்றங்கரையில் கட்டைக் கால்களின் மேல் நிற்கும் மரவீடு, முன்னால் பலகைத் திண்ணை, அந்தி வெளிச்சம். கீழே ஒரு வரி: "இங்க தங்கலாமா மாப்ள?" தங்கலாம். ஆனால் எத்தனை ராத்திரி, யார் யார், வண்டி யாரிடம் என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் பதில் சொல்கிறேன். ஒரு தடவை கேட்காமல் சரி என்று சொல்லி நான்கு நாள் மாட்டிக்கொண்டேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள், ஊரை ஒட்டி சிலாங்கூர் ஆறு, அந்த ஆற்றோடு கீழே கோல சிலாங்கூர் போகிற வழியில் கம்போங் குவாந்தான் மின்மினிகள். போட்டோவில் வரும் வீடுகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கம்பம் என்றால் இங்கே கிராமம், தாமான் என்றால் வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் ஹோம்ஸ்டே என்ற சொல்லை நம்பி முன்பணம் கட்டக் கூடாது. 1995இல் பகாங்கில் தெமர்லோ பக்கம் அரசாங்கம் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டம் என்பது ஒரு கம்பத்துக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவது. சாலையோரம் ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டியிருப்பதில் பெரும்பாலானவை அப்படி இல்லை, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உரிமையாளர் போய்விடும் வாடகை வீடுகள். இரண்டும் ஒரே பெயரில் நடக்கின்றன. "வீட்டுக்காரர் கூட இருப்பாரா, சாப்பாடு உண்டா" என்று கேட்டுவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

சரி, ஆற்றோர வீடு.

நான்கு நாள் கதை என் மனைவியின் அத்தை குடும்பத்துடையது. பரமத்தி வேலூர்க்காரர்கள், காவிரிக்கரை. ஆறு என்றால் அவர்களுக்குப் படித்துறை, இடுப்பளவு தண்ணீர், முங்கிக் குளியல். அத்தை பெட்டியில் மஞ்சளும் ஈரிழைத் துண்டும் எடுத்துவைத்துக்கொண்டு வந்திருந்தார். இங்கே வந்து பார்த்தால் பால் தூக்கலாக விட்ட தேத்தண்ணி நிறத்தில் ஆறு, கரை முழுக்கச் சேறு, சேற்றில் நீப்பாப் பனை, படியும் கிடையாது துறையும் கிடையாது. முதலையைப் பார்த்ததாக ஊரில் அவ்வப்போது பேச்சு அடிபடும், அதை வேறு யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை மாமா திண்ணையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்: "மாப்ள, நேத்து ஆறு இந்தப் பக்கம் ஓடுச்சு, இன்னைக்கு அந்தப் பக்கம் ஓடுதே!" கடல் பக்கத்தில் இருப்பதால் கடல் ஏறும் நேரத்தில் ஆறு மேல்நோக்கி ஓடும், வற்றும் நேரத்தில் கீழ்நோக்கித் திரும்பும், அப்போது சேற்று வாடையும் எழும். விளக்கினேன். அத்தை கேட்டுக்கொண்டே துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். ஆக, குளிக்கிற ஆசையில் ஆற்றோரம் கேட்கிறவர்களுக்கு இந்த ஆறு சரிப்படாது. அவர்களை ஒரு பகல் உலு சிலாங்கூர்ப் பக்கம் அருவிக்குக் கூட்டிப்போகலாம்.

ராத்திரி வேறு கதை. பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மினுக்குவதை சம்பான் படகில் மெல்லத் துடுப்புப் போட்டுக் காட்டுவார்கள், ஒரு படகுக்கு நான்கு பேர். கேமரா ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கொசுமருந்தைப் படகில் தெளிக்காமல் வீட்டிலேயே பூசிக்கொண்டு போய்விட வேண்டும். அத்தை படகில் வாயே திறக்கவில்லை, இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு "கார்த்திகை தீபம் மாதிரி இருக்குய்யா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான்கு நாள் டிரைவர் வேலையை மன்னித்துவிட்டேன் (மனைவி இன்னும் மன்னிக்கவில்லை).

"திண்ணையிலிருந்தே மின்மினி பார்க்கலாம்" என்று விளம்பரம் செய்யும் வீடுகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மின்மினி உட்காருவது கரையோர மரத்தில். ஆறு நன்றாகத் தெரியட்டும் என்று கரை மரங்களை வெட்டிவிட்ட வீட்டில் பகலில் அழகான காட்சி கிடைக்கும், ராத்திரியில் வெறும் இருட்டு. போட்டோவில் ஆறு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறதோ அவ்வளவு சந்தேகப்படுவது என் வழக்கம்.

மற்ற தொல்லைகளைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வண்டி இல்லாதவர்கள் அங்கே கைதிகள் மாதிரிதான், ஏனென்றால் இருட்டிய பிறகு கிராப் வண்டி (போனில் கூப்பிடும் வாடகைக் கார்) அந்தச் சாலைக்கு வருவதே அபூர்வம், பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். ஏணி மாதிரி மரப்படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி, மாமாவின் முழங்காலுக்கு அது தினசரி வேண்டுதல். துத்தநாகக் கூரையில் மத்தியானம் வெந்துவிடும். சாயங்காலம் மழை பிடித்தால் படகு கிடையாது. கொசுவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், டெங்கி இங்கே வருடம் முழுக்க உண்டு. முற்றத்துக்கு வரும் குரங்குகள் புக்கிட் மெலாவாத்தி மலையில் கையில் தீனி வாங்கும் சாதுவான வெள்ளிக் குரங்குகள் இல்லை, நீளவால் குரங்குகள். சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு அத்தை கொண்டுவந்த முறுக்கில் முக்கால் டப்பாவை இழந்தோம். 8 பேருக்கு ஓர் இரவு 280 வெள்ளி கொடுத்தோம் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்). முதல் ராத்திரிக்கு அது மலிவு. மூன்றாம் ராத்திரியில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கொள்ளை மாதிரி இருந்தது.

கம்பத்து ஹோம்ஸ்டே, அதாவது மலாய்க்காரக் குடும்பத்தோடு தங்குவது, எனக்கு அதிகம் பழக்கம் இல்லை. நண்பரின் மகனும் மருமகளும் கல்யாணமான புதிதில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள், இன்றுவரை அந்த மாக்சிக்கோடு, அதாவது வீட்டுக்கார அம்மாவோடு, வீடியோ காலில் பேசுகிறார்கள். விடியலுக்கு முன் பாங்கு ஓசை, வாசலில் செருப்பு, முற்றத்தில் ரம்புத்தான், சாயங்காலம் கூவே பலகாரம். மதுவும் பன்றி இறைச்சியும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது, விமான நிலையத்தில் பாட்டில் வாங்கிவரும் மாமாக்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். பெரிய சிக்கல் சைவம்தான். கீரை கேட்டார்கள், அன்பாகச் சமைத்துக் கொடுத்தார், அதில் நெத்திலி. மருமகள் தயங்கியதும் மாக்சிக் சிரித்துக்கொண்டே "இக்கான் சிக்கிட் சாஜா", மீன் கொஞ்சம்தான் என்றாராம். சம்பாலில் பெலாச்சான் இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடாது, அது இறால் விழுது, தப்பு சொல்ல முடியாது. அசைவம் சாப்பிடும் இளம் ஜோடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். புரட்டாசி மாதம் வருகிற பெரியவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கோல சிலாங்கூர்க் கடைவரிசை ஹோட்டலும் உண்டு. ஏர்கோன், சுத்தமான படுக்கை, கீழே சாப்பாட்டுக்கடை, வெளிநாட்டுக் கடப்பிதழ் என்றால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. எட்டுப் பேர் குடும்பம் மூன்று அறையில் பிரிந்து கிடக்கும். தூங்கி எழ நல்ல இடம், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

தாமான் வீட்டை நானே பல வருடம் மட்டமாகப் பேசியவன். வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்தும் இடம், எதிரே அதே மாதிரி இன்னொரு வரிசை. கடல் தாண்டி வந்தவர்களுக்கு ஹவுசிங் போர்டு வீட்டைக் காட்டுவதா என்று கூச்சம். பெரியப்பா வந்தபோது அவர் முழங்காலை நினைத்து வேறு வழியில்லாமல் தமிழர் ஒருவரின் தாமான் வீட்டை எடுத்தேன், ஆறு நாள், இரவுக்கு 150 வெள்ளி, மூன்று அறை, சமையலறை, பூசை மாடம்.

பெரியப்பா இங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார், பெரியப்பாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பமே ரஜூலா கப்பலேறி ஊருக்குத் திரும்பிவிட்டது. லயத்து வீட்டையும் (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) ஆயாக்கொட்டகையையும் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பார்க்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை. கூட்டிப்போனேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலமாகிறது, லயங்கள் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டியின் அடிப்பாகம், செம்பனைக்கு நடுவில் மாரியம்மன் கோயில். அரைமணி நேரம் கோயில் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட் பக்கம் வந்து "எந்தத் தோட்டம் நீங்க?" என்று கேட்டார். அதே தோட்டம். ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம், பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) எங்கே கூடும், கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு நாய் பெயர் என்ன என்று பாட்டி அடுக்க அடுக்கப் பெரியப்பா நாற்காலியை கேட் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, தோட்டத்தில் இருந்த சனம் லயங்களை உடைத்தபோது தாமான்களுக்குத்தானே வந்து சேர்ந்தது. தோட்டம் தேடி வருகிறவர் செம்பனைக்குள் சுற்றி என்ன செய்ய, தாமான் வாசலில் உட்கார்ந்தால் போதும். மீதி ஐந்து நாளும் அவர் எங்கும் கிளம்பவில்லை. காலைப் பசியாற ரொட்டி சானாய், மத்தியானம் பெரியம்மா கைச் சாம்பார், சாயங்காலம் கேட்.

குறைகளும் உண்டு. வீட்டில் பார்க்க எதுவும் இல்லை, பிள்ளைகளுக்குச் சலிக்கும். ராத்திரி பதினொன்றுக்கு மோட்டார்ப் பையன்கள் முறுக்கிக்கொண்டு போவார்கள். யூனிசெல் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நடக்கும் நாட்களில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

எங்கே தங்கினாலும் வரும் இரண்டு சில்லறை விஷயங்கள். இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா தேவையில்லை, ஆனால் வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அரசாங்கத் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். தாமான் வீட்டுக்கு எண்ணும் சாலைப் பெயரும் ஒழுங்காக இருக்கும், ஆற்றோர வீட்டுக்கு வெறும் லாட் எண்தான், முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிளக். இங்கே தட்டையான மூன்று முள், ஊர் சார்ஜர் நுழையாது. தாமானில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம், ஆற்றோரத்தில் குரங்கிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து சித்தி குடும்பம் வருகிறது, ஏழு ராத்திரி. ஆறு தாமானில், ஒன்று ஆற்றோரத்தில் என்று முடிவு செய்தாயிற்று, எந்த ஒன்று என்பதில்தான் இழுபறி. நிலா இல்லாத ராத்திரியில் மின்மினி நன்றாகத் தெரியும் என்று அமாவாசைக்குப் பார்த்தேன். "அமாவாசைக்கு விரதம், அந்த வீட்டு அடுப்புல எப்படிச் சமைக்கிறது?" என்றார் சித்தி. மறுநாள் என்றேன். "பாட்டிமையில வீடு மாறக் கூடாது." கடைசியில் மூன்றாம் பிறைக்கு ஒத்துக்கொண்டார். திண்ணையிலிருந்து பிறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்பது மணி வாக்கில் அது இறங்கிவிடும், அதற்குப் பிறகு படகு. முன்பணம் கட்டியாகிவிட்டது. கரை மரங்களை வெட்டவில்லையே என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.