மறுபடியும் படிக்க: ஷிப்ட் 2 கல்லூரியா, திறந்தநிலைப் பல்கலைக்கழகமா?

பாதியில் விட்ட படிப்பை முப்பது, நாற்பது வயதில் எடுக்க நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வாசல்களில் வந்து நிற்கிறார்கள்: ஷிப்ட் 2 கல்லூரி (மதியம் தொடங்கும் இரண்டாம் வேளை வகுப்பு), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்). வேலையோ குடும்பமோ தோளில் இருப்பவருக்கு என் ஓட்டு இக்னோவுக்கு. அது சுலபம் என்பதால் அல்ல.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிய பயம் வேண்டாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசியே 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. கவனிக்க வேண்டியது வரிசை: பத்தாம் வகுப்பு, +2, பிறகு பட்டம். +2 இல்லாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டங்கள் அரசு வேலையில் மாட்டிக்கொண்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. +2 இல்லையென்றால் முதலில் தனித்தேர்வராக அதை முடித்துவிடுங்கள்.

ஷிப்ட் 2 கல்லூரியை ‘மாலைக் கல்லூரி’ என்றே பலரும் சொல்கிறார்கள். வகுப்பு தொடங்குவதோ மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு. ஒன்பதிலிருந்து ஆறு வரை வேலை பார்ப்பவருக்கு அது மாலையே இல்லை. அதிகாலை ஷிப்டில் இருப்பவர், காலையில் கடை பார்ப்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருபவர் ஆகியோருக்குப் பொருந்தும். ஆசிரியர் எதிரில் நின்று சொல்லித்தருவதற்கு ஈடு கிடையாது. இயற்பியல், வேதியியல் போல லேப் உள்ள படிப்பு என்றால் நானும் கல்லூரியைத்தான் சொல்வேன்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: ஒரு பருவம் விட்டுப்போனால் என்ன ஆகும்? வயதான பிறகு படிப்பவருக்கு அது நடந்தே தீரும். மாமியாருக்கு ஆபரேஷன், ஆபீசில் ஆடிட், இடமாற்றம். கல்லூரியில் 75 சதவீத வருகை வேண்டும். தொண்ணூறு வேலை நாள் கொண்ட செமஸ்டரில் இருபத்திரண்டு நாளுக்கு மேல் போனால் சிக்கல்தான். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம். ரொம்பக் குறைந்தால் அந்த செமஸ்டரே போய்விடும். கூடப் படித்தவர்கள் மேலே போன பிறகு திரும்ப வந்து உட்கார மனசு வராது. பலர் நிற்பது அங்கேதான்.

இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு அவகாசம். முதலாண்டுத் தாள் பாக்கி இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குப் பணம் கட்டி மறுபதிவு செய்யலாம். தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை. எந்தத் தாளை எப்போது எழுதுவது என்பது பெருமளவு உங்கள் கையில். வீட்டில் எழுதிக் கொடுக்கும் விடைகளான அசைன்மென்ட்டில் தேறிவிட்டால் அந்த மதிப்பெண் அப்படியே நிற்கும். தேர்வை மட்டும் பிறகு எழுதலாம். ஆறு மாதம் காணாமல் போனவர் திரும்பி வர இதைவிட அகலமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு விலையும் உண்டு: யாரும் நினைவூட்ட மாட்டார்கள். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. பி.ஏ. பொதுப் பட்டத்தில் ஆறு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) தாள் ஒன்றின் அசைன்மென்ட் என்றால் 500 சொல்லில் இரண்டு விடை, 250 சொல்லில் மூன்று, 100 சொல்லில் ஐந்து. அசைன்மென்ட்டிலும் தேர்விலும் தனித்தனியே 35 சதவீதம் வேண்டும். அசைன்மென்ட்டில் நூற்றுக்கு 80 வாங்கியவருக்கு 24 மதிப்பெண் கணக்கில் ஏறிவிடும். தேர்வில் நூற்றுக்கு 35 எடுத்தாலும் மொத்தம் 48.5. அசைன்மென்ட்டைக் கொடுக்காமல் தேர்வில் 90 வாங்கினாலும் அந்தத் தாள் முடியாது.

தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் இவைதான். பழைய ஆண்டுக் கேள்வித்தாளுக்கு விடை எழுதிவிடுவது: முதல் பக்கத்தில் எந்தப் பருவம் என்று போட்டிருக்கும், பாருங்கள். முகப்புத் தாளில் பதிவு எண், பாடக் குறியீடு, படிப்பு மையக் குறியீடு ஆகியவற்றில் ஒன்று மாறிப்போவது. கொடுத்ததற்கு ரசீதோ மின்னஞ்சல் பதிலோ வாங்காமல் வருவது. மதிப்பெண் ஏறாமல் போனால் கையில் இருக்கும் அந்தச் சீட்டுதான் பேசும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு விண்ணப்பம் தனி வேலை: ஒவ்வொரு பருவமும், ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். அதை விட்டவருக்கு ஹால் டிக்கெட் வராது.

அசைன்மென்ட்டைக் கையால் எழுதுவதைச் சுமை என்று நினைக்காதீர்கள். பத்து வருஷம் கையெழுத்து மட்டுமே போட்டுப் பழகிய விரல்கள் மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணியிலேயே மரத்துப்போகும். அசைன்மென்ட்தான் அதற்குப் பயிற்சி. 500 சொல் விடையைக் கடிகாரம் வைத்து முப்பது நிமிடத்தில் எழுதிப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்து, ஆங்கிலப் பாடநூலைப் பார்த்தாலே தயங்குபவர் என்றால் என் பரிந்துரை மாறும். இக்னோ நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். 2002இல் சட்டம் இயற்றித் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே பாடநூல் கிடைக்கும்; தமிழிலேயே எழுதலாம். அசைன்மென்ட், தேர்வு விதிகளை மட்டும் அந்தந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரக் கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு. 132 கிரெடிட் கொண்ட மூன்றாண்டு பி.ஏ. என்றால் 3,960 மணி. மூன்றே ஆண்டில் முடிக்க வாரம் இருபத்தைந்து மணி வேண்டும். ஐந்து ஆண்டு என்றால் பதினைந்து. வேலைக்குப் போகிறவர் சேரும் நாளிலேயே ஐந்து ஆண்டு என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். முதல் தேர்வுக்கு இரண்டு தாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மற்றத் தாள்களின் அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, தேர்வை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.