கடையில் ஏஐ: இரண்டு நோன்புகாலங்களுக்குப் பிறகு

சின்னப் பலசரக்குக் கடைக்கு ஏஐ சரிவருமா என்று பலர் கேட்கிறார்கள். சரிவரும். ஓடர் போடவும் காலாவதித் திகதி பார்க்கவும் நன்றாகவே உதவுகிறது. கடன் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் அதை அண்ட விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் கடை இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில். ஊர்ச் சனமும் பக்கத்துக் காத்தான்குடிச் சனமும் வந்து போகும். 2024 கடைசியில் பில்லிங் மென்பொருள் ஒன்றை மாதக் கட்டணத்துக்கு எடுத்தோம். எது எவ்வளவு விற்றது என்று பார்த்து, அடுத்த வாரத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அதுவே சொல்லும். போனில் தமிழில் உரையாடும் ஏஐ ஒன்றையும் பாவிக்கிறோம்.

பால்மா, பிஸ்கட், சோப்பு போன்ற பார்கோடு உள்ள சாமான்களில் பலன் உடனே தெரிந்தது. விற்பனைப் பிரதிநிதி வந்து “ஒஃபர் போகுது, ரெண்டு பெட்டி கூட எடுங்க அண்ணன்” என்று நிற்கும்போது, திரையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. திகதி முடிந்து வீசுகிற சாமான் நன்றாகக் குறைந்துவிட்டது.

சில்லறையாக நிறுத்து விற்கும் சீனி, பருப்பு, செத்தல் மிளகாய் கதை வேறு. ஐம்பது ரூபாய்க்குத் தேயிலை கேட்கும் பிள்ளைக்குப் பில் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதனால் கால் கிலோ, அரைக் கிலோவாகப் பொதி கட்டி லேபல் ஒட்டி வைக்கிறோம். மிச்சத்துக்கு, மூடை உடைக்கும் நாளைப் பதிகிறோம். அந்த அளவே கணிப்புக்குப் போதுமாக இருக்கிறது.

யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் உண்டு. இறாக்கையில் சாமான் முடிந்த நாட்களில் விற்பனை பூச்சியம் என்று பதிவாகும். சனம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியது மென்பொருளுக்குத் தெரியாது. தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறையும் குறைத்தே சொல்லும். ஆகவே கேட்டும் கொடுக்க முடியாத சாமான்களைத் தனிக் கொப்பியில் எழுதி, ஓடர் போடும்போது சேர்த்துக்கொள்கிறோம்.

அப்புறம் நாட்காட்டி. சந்திர வருடம் 354 நாள் அளவுதான், அதனால் ரமழான் நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முந்தும். 2024 இல் மார்ச் 12 இல் தொடங்கியது, 2025 இல் மார்ச் 2 இல் தொடங்கியது, 2026 இல் பெப்ரவரிக்கே வந்துவிட்டது. பேரீச்சம்பழம், கஞ்சிக்கான அரிசி, கடலை எல்லாம் நோன்புக்கு முந்திய வாரமே கடைக்குள் இருக்க வேண்டும். போன வருடத்து அதே வாரத்தைப் பார்க்கும் கணிப்பு இங்கே பிந்திவிடும். தீபாவளியும் ஒரே திகதியில் வராது: 2024 இல் ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது பொங்கல் சாமான் எப்படிப் போகும் என்று மென்பொருளுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். விசேட நாட்களை முன்கூட்டியே கையால் பதியும் வசதி இருக்கிறதா என்று கேட்டுத்தான் எந்த மென்பொருளையும் எடுக்க வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது சனம் மெழுகுதிரியும் தீப்பெட்டியும் பிஸ்கட்டும் அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பல வாரம் மெழுகுதிரியைக் கூட்டி எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது மென்பொருள். அந்தக் கிழமையைக் கணக்கிலிருந்து விலக்கிய பிறகுதான் கணிப்பு பழையபடி வந்தது.

போனில் உள்ள ஏஐ மொத்தக் கடைச் சிட்டையைப் படம் பிடித்துக் கொடுத்தால் அட்டவணையாக்கித் தரும். காபன் பிரதி மங்கலாக இருந்தால் 1 ஐ 7 ஆக வாசிக்கும், ஆகவே மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்காமல் சேமிப்பதில்லை. அதனிடம் அரசாங்கம் போடும் கட்டுப்பாட்டு விலை மட்டும் கேட்க வேண்டாம். 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோவுக்கு 230 ரூபாய், சம்பா கிலோவுக்கு 240 ரூபாய் என்று உச்ச சில்லறை விலை வந்தது. அதைக் கேட்டபோது பழைய விலை ஒன்றை உறுதியான குரலில் சொன்னது. உச்ச விலைக்கு மேல் விற்றால் முதல் முறையே தனியாளுக்குத் தண்டம் 1 இலட்சம் ரூபாயிலிருந்து 5 இலட்சம் வரை போகும். வர்த்தமானியை நேரடியாகப் பார்ப்பதே பாதுகாப்பு.

கடைசியாகக் கடன். வாடிக்கையாளருக்குப் புள்ளி போட்டு யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று சொல்லும் வசதியும் மென்பொருளில் உண்டு. நாங்கள் திறக்கவே இல்லை. வயல் வேலைக்குப் போகும் குடும்பம் மார்கழியில் கடன் வாங்கி, பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஒரேயடியாகத் தரும். வாவியில் வலை வீசுபவரின் கையில் கடும் மழைக்காலத்தில் காசு இருக்காது. இடைப்பட்ட மாதங்களை மட்டும் பார்த்தால் இருவரும் கடனைத் திருப்பாதவர்களாகத்தான் தெரிவார்கள். அப்படி ஒரு சிவப்புக் குறி யாருடைய பெயருக்கும் எங்கள் கடையில் விழக்கூடாது. எங்களை நம்பிக் கடன் கொப்பியில் பெயர் எழுத விட்டவர்களின் விபரத்தை இன்னொரு நிறுவனத்தின் சேர்வரில் ஏற்றுவதும் முறையல்ல. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று கடைக்காரர்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

புதிதாக எடுப்பவர்கள் இணையம் இல்லாமலும் பில் போட முடியுமா, விலகும்போது முழுத் தரவையும் எக்செல் கோப்பாகத் தருவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு பால்மா, சோப்பு, பிஸ்கட் மூன்றோடு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றச் சாமான்களை ஏற்றினால் போதும்.